கதிரவனின் கருங்கோடுகள்

ஒளியைப் பாடாத கவிஞர் எம்மொழியிலும் இலர். ஞாயிறும் திங்களும் விளக்கும் கவிதை பிறந்த நாள்தொட்டுப் பாடுபொருளாக இருந்து வருகின்றன. ஆயினும், ஞாயிற்றின் வெள்ளொளிக்குள்ளேயே இருள் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளாய்ப் படிந்திருக்கிறது என்பதை 1814ஆம் ஆண்டு வரை எவரும் முறையாகக் கண்டு எழுதிவைத்ததில்லை. அதனைக் கண்டவர் கவிஞர் அல்லர். பல்கலைக்கழகத்தில் பயின்ற அறிஞரும் அல்லர். கண்ணாடி தேய்த்துப் பிழைத்த ஒரு தொழிலாளி. ஜோசப் ஃபிரான்ஹோபர் என்பது அவர் பெயர். அவர் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கிடைத்ததன் பொருள் விளங்காத நிலையிலும் அதனை உள்ளது உள்ளவாறே வரைந்துவைத்துவிட்டு, 39ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஜெர்மானிய நிலத்தில் தன்யூப் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் ஸ்ட்ராவ்பிங். அங்கே சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி ஒருவருக்குப் பதினொன்றாவது குழந்தையாக 1787 மார்ச் 6ஆம் நாள் ஜோசப் பிறந்தார். பத்து வயதில் தாயை இழந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். பள்ளிப் படிப்பு அரைகுறையாக நின்றது. 1799இல், பன்னிரண்டு வயதில், மியூனிக் நகரில் முகக்கண்ணாடி செய்யும் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த ஆளில்லாமையால், ஆறு ஆண்டுகள் ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பகலெல்லாம் வேலை, இரவில் விளக்கில்லாத அறை. தொழில் பழகும் பிள்ளைகளுக்கென ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த பள்ளிக்குச் செல்வதையும் நூல்களைப் படிப்பதையும் எசமானர் விரும்பவில்லை. பின்னாளில் ஒளியின் இயல்பை உலகுக்கு விளக்கிய மனிதரின் இளமை இவ்வாறு இருளிலேயே கழிந்தது.

1801 ஜூலை 21ஆம் நாள் அந்த வீடு இடிந்து விழுந்தது. எசமானரின் மனைவி இடிபாட்டில் சிக்கி இறந்தார். பதினான்கு வயதுச் சிறுவன் மட்டும் சாய்ந்த மரங்களுக்கு இடையே சில மணி நேரம் புதைந்து கிடந்து, உயிரோடு மீட்கப்பட்டான். மீட்புப் பணியைக் காண நேரில் வந்திருந்த பவேரிய ஆட்சியாளர் மாக்சிமிலியன் ஜோசப், பதினெட்டு டக்கட் பொற்காசுகளைச் சிறுவனுக்கு அளித்தார். அன்று அங்கு வந்திருந்த உட்ஷ்நைடர் என்னும் அரசு அலுவலரும் தொழில்முனைவோருமான பெரியவர், ஒளியியலும் கணிதமும் கற்பதற்கான நூல்களைத் தேடிக் கொடுத்தார். சிறுவன் பொற்காசுகளை ஊதாரித்தனமாகச் செலவிடவில்லை. கண்ணாடி தேய்க்கும் எந்திரம் ஒன்றை வாங்கினான்; எஞ்சிய பயிற்சிக் காலத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டான். பெயர்ச் சீட்டுகள் செதுக்கி விற்கும் தொழிலைத் தனியே தொடங்கிப் பார்த்தான், அது நிலைக்கவில்லை. கூலிக்காகப் பழைய எசமானரிடமே திரும்ப நேர்ந்தது. ஆனால், படிப்பு மட்டும் நிற்கவில்லை.

1806இல் உட்ஷ்நைடரும் ரைக்கன்பாக் என்னும் கருவி வல்லுநரும் பங்கு கொண்டிருந்த நிறுவனத்தில் ஃபிரான்ஹோபர் பணியில் சேர்ந்தார். நில அளவைக்கும் வானியலுக்கும் வேண்டிய கருவிகளை அந்நிறுவனம் செய்துவந்தது. அதன் கண்ணாடி உலைகள், துறவியரை இழந்து வெறிச்சோடிக் கிடந்த பெனடிக்ட்போயர்ன் மடத்தின் வளாகத்தில் அமைந்திருந்தன. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து அம்மடமே அவருடைய பல்கலைக்கழகம் ஆயிற்று. ஸ்விட்சர்லாந்திலிருந்து அழைத்து வரப்பட்ட முதியவர் கினான், உருகிய கண்ணாடிக் குழம்பைச் சுட்ட களிமண் தண்டால் இடைவிடாது துழாவி, நெளிவும் குமிழியும் இல்லாத கண்ணாடி காய்ச்சும் வித்தையை அறிந்திருந்தார். ஃபிரான்ஹோபர் அந்த வித்தையைக் கற்று, அதனை மேலும் செம்மைப்படுத்தினார். 1809இல், இருபத்திரண்டு வயதில், நிறுவனத்தின் பங்காளிகளுள் ஒருவரானார்.

அக்காலத்துத் தொலைநோக்கிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. வெள்ளொளி பல நிறங்களின் கூட்டு. கண்ணாடிக்குள் புகும்போது ஊதா மிகுதியாக வளையும். சிவப்பு குறைவாக வளையும். ஆகவே ஒற்றை வில்லை எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. விண்மீனைச் சுற்றி நிறக்கரை படியும். இக்குறையைப் போக்கவே முடியாதெனக் கருதிய நியூட்டன், வில்லைக்கு மாற்றாகக் குழியாடியைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். பின்னர் லண்டன் நகரத்து டாலண்ட், 1758இல் வேறொரு வழியைக் காட்டினார். கிரவுன் கண்ணாடியாலான குவிவில்லையோடு, ஈயம் கலந்த பிளின்ட் கண்ணாடியாலான குழிவில்லையை இணைத்தால், ஒன்று பிரித்த நிறங்களை மற்றொன்று திரும்பக் கூட்டிவிடும். ஆனால் எந்தக் கண்ணாடியை எந்த அளவு வளைவோடு இணைப்பது? தொழிலாளர்கள் செய்து பார்த்தும் தேய்த்துப் பார்த்துமே அதனை அறிந்தனர். கைப்பழக்கமே கணக்காக இருந்தது.

ஃபிரான்ஹோபர் கணக்கையே தேடினார். ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என அளந்துவிட்டால், வில்லையின் வடிவத்தைத் தாளிலேயே தீர்மானித்துவிடலாம். தடையும் அங்கேதான் இருந்தது. முப்பட்டகம் விரிக்கும் நிறமாலையில் சிவப்பு எங்கே முடிகிறது, செம்மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று எவராலும் சுட்ட முடியாது. வானவில்லின் நிறங்கள் ஒன்றினுள் ஒன்று கரைந்து நிற்கும் அழகு கவிஞர்க்கு உவப்பானது. அளப்பவர்க்கோ அதுவே இடர். அசையாத ஓர் அடையாளம் அவருக்கு வேண்டியிருந்தது.

விளக்குச் சுடரின் நிறமாலையில் மஞ்சள் பகுதியில் ஒளிமிக்க கோடு ஒன்று தெரிவதை அவர் கண்டார். நெருங்கிப் பார்த்தபோது அது இரட்டைக் கோடாக இருந்தது. அத்தகைய கோடு ஞாயிற்றின் ஒளியிலும் இருக்குமா என்று பார்க்க விரும்பினார். அறையை இருட்டாக்கி, சன்னல் மறைப்பில் மெல்லிய பிளவு ஒன்றை அமைத்து, 24 அடி தொலைவில் முப்பட்டகத்தை நிறுத்தி, அதன் பின்னே நில அளவைக் கருவியின் தொலைநோக்கியைப் பொருத்தினார். ஒளிமிக்க கோடு அங்கே இல்லை. அதற்கு மாறாக, நிறமாலை முழுவதிலும் எண்ணிறந்த கருங்கோடுகள் நின்றன. விளக்கில் மஞ்சள் கோடு ஒளிர்ந்த அதே இடத்தில் ஞாயிற்றொளியில் இரட்டைக் கருங்கோடு தெரிந்தது.

கருவியின் பழுதாக இருக்கலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றக்கூடியது. அவர் பிளவை மாற்றினார், முப்பட்டகத்தை மாற்றினார், தொலைவுகளை மாற்றினார். கோடுகள் இடம் பெயரவில்லை. அவை கண்ணாடியின் குறையல்ல, ஒளியிலேயே உள்ளவை. 1802இல் இங்கிலாந்தில் உல்லாஸ்டன் என்பவர் இத்தகைய சில கோடுகளைக் கண்டிருந்தார். அவற்றை நிறங்களின் எல்லைகள் எனக் கருதி அவ்வளவில் விட்டுவிட்டார். அதனை அறியாத ஃபிரான்ஹோபர் ஏறத்தாழ 574 கோடுகளை எண்ணினார். முதன்மையானவற்றுக்கு ஏ, பி, சி, டி என வரிசையாக எழுத்துகளைச் சூட்டினார். நிறமாலையின் படத்தைத் தம் கையாலேயே செதுக்கினார். 1817இல் மியூனிக் அறிவியல் கழகத்தின் ஏட்டில் அது வெளிவந்தது. திங்களிலும் வெள்ளிக் கோளிலும் ஞாயிற்றின் கோடுகளே தெரிந்தன; சிரியஸ் விண்மீனிலோ வேறு வகைக் கோடுகள். ஒவ்வொரு விண்மீனும் தனக்கெனத் தனி எழுத்தை உடையது என்பது அன்று முதன்முறையாகத் தெரிய வந்தது.

அக்கோடுகள் ஏன் தோன்றுகின்றன என்பது அவருக்கு விளங்கவில்லை. விளங்காததற்கு அவர் விளக்கம் புனையவும் இல்லை. தமக்கு வேண்டியிருந்த அசையா அடையாளம் கிடைத்துவிட்டது எனக் கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் அளவுகோலாக்கிக் கண்ணாடிகளை அளந்தார். 1821இல், ஒரே சீரான இடைவெளியில் நெருக்கமாகக் கட்டிய மெல்லிய கம்பிகளின் ஊடே ஒளியைச் செலுத்தி, முப்பட்டகமின்றியே நிறமாலையை விரித்தார். அக்கோடுகளின் அலைநீளங்களையும் கணித்தார்.

புகழ் வந்தது, அதனோடு புறக்கணிப்பும் வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு கைவினைஞரை அறிவியல் கழகத்தில் சமமாக அமர்த்துவதற்கு அதன் உறுப்பினர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். எனினும், 1822இல் எர்லாங்கன் பல்கலைக்கழகம் சிறப்பு முனைவர் பட்டம் அளித்தது. 1824இல் அரசு அவரைப் பெருமக்கள் வரிசையில் சேர்த்தது. அதே ஆண்டில் அவர் செய்த பெருந்தொலைநோக்கி, இன்று எஸ்தோனியாவில் டார்ட்டு என வழங்கும் டோர்பாத் நகரை அடைந்தது. 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள அதன் இணைவில்லையே அன்று உலகின் மிகப் பெரியது. எடைக்கல்லால் இயங்கும் கடிகாரப் பொறி, விண்மீனின் நகர்வுக்கு ஏற்பத் தொலைநோக்கியைத் தானே திருப்பியது. அக்கருவியைக் கொண்டு ஸ்ட்ரூவ 3,000க்கு மேற்பட்ட இரட்டை விண்மீன்களைப் பட்டியலிட்டார். ஃபிரான்ஹோபர் திட்டமிட்ட மற்றொரு கருவி, அவர் மறைந்த பின் 1829இல் கோனிக்ஸ்பர்க் சென்றது. அதன் துணையால் 1838இல் பெஸல், விண்மீன் ஒன்றின் தொலைவை நம்பத்தக்க வகையில் அளந்து வெளியிட்டார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. உலையின் அனலிலும் புகையிலும் கழிந்த ஆண்டுகள் உடலைத் தளர்த்தின. காசநோய் பற்றியது. 1826 ஜூன் 7ஆம் நாள் மியூனிக்கில் உயிர் நீத்தார். அவருக்கு இரண்டு வாரங்களே முன்னர் மறைந்திருந்த ரைக்கன்பாக்கின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். விண்மீன்களை அவர் அண்மைப்படுத்தினார் என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் கல்லறையில் பொறித்துள்ளனர்.

அவர் வாழ்வில் மறைத்தது ஒன்று, கொடுத்தது ஒன்று. கண்ணாடி காய்ச்சும் முறை நிறுவனத்தின் கமுக்கம். அதனை அவர் எங்கும் வெளியிடவில்லை. இங்கிலாந்தில் ஃபாரடே போன்ற பேரறிஞரே அதற்கு நிகரான கண்ணாடிக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது. காலப்போக்கில் பிறர் அதனினும் சிறந்த கண்ணாடியைக் காய்ச்சினர், கமுக்கம் மதிப்பிழந்தது. ஒளிவின்றி அவர் அளித்த கோடுகளின் படமோ வளர்ந்துகொண்டே சென்றது. 1859இல் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃப் அப்படத்தின் பொருளைக் கண்டார். ஞாயிற்றின் வெளியடுக்கில் உள்ள ஆவிகள் தத்தமக்குரிய நிறத்தை உறிஞ்சிக்கொள்வதால் அவ்விடங்கள் இருள்கின்றன. டி என்னும் கோடு சோடியத்தின் கையெழுத்து. சி, எஃப் ஆகியவை ஹைட்ரஜனுடையவை. ஏ, பி ஆகியவை ஞாயிற்றுக்கு உரியனவே அல்ல; நம் காற்றிலுள்ள உயிர்வளி பதித்தவை.

அந்த எழுத்துகளைப் படிக்கும் பணி நம் நாட்டு மண்ணிலும் நடந்தது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுக் கதிரவ மறைப்பின்போது, அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ழான்சென் நிறமாலையை ஆராய்ந்தார். ஞாயிற்றின் விளிம்பில் டி கோட்டுக்கு அருகே, ஆனால் அதனோடு பொருந்தாமல், அவ்வாண்டில் காணப்பட்ட மஞ்சள் கோடே ஹீலியம் என்னும் தனிமத்தை மனிதர்க்கு அறிவித்தது. 1909இல் கொடைக்கானல் வான்நோக்ககத்தில் எவர்ஷெட், ஞாயிற்றுக் கரும்புள்ளிகளின் ஓரத்தில் இக்கருங்கோடுகள் சற்றே விலகி நிற்பதைக் கண்டு, அங்கே வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை உணர்ந்தார். பழனி மலைத்தொடரின் உச்சியில் அன்று படிக்கப்பட்டது ஃபிரான்ஹோபர் வரைந்துவைத்த அந்நெடுங்கணக்கே.

படிப்பு மறுக்கப்பட்ட சிறுவன் ஒருவன், எவரும் படித்திராத எழுத்துகளை ஞாயிற்றில் கண்டான். அவற்றைப் படிக்க அவனுக்கு வாழ்நாள் போதவில்லை. ஆனால், தான் கண்டதில் ஒன்றையும் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைத்தான். பிறகு வந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.