பாலருக்கு நூல் தந்த நாவலர்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1822ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூரிலே பிறந்தார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்துக்கும் துணைபுரிந்தார்.

1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே மிஷன் பதவியையும் துறந்தார். பள்ளி எழுந்தது, பிள்ளைகள் தாமே வாசிக்கத்தக்க நூல் வேண்டுமே! அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர் செய்யுளைப் பொருளறியாமலே நெட்டுருப் பண்ணினர். நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். படிப்படியாக உயரும் பாலபாடங்களை எளிய வசனநடையில் எழுதி அச்சிட்டார். 1864இல் சிதம்பரத்திலும் பள்ளி கண்டார். 1879இல் சிவபதமடைந்தார்.

சாதி வேறுபாட்டை அவர் கடந்தாரில்லை; அக்குறையை நிறைக்கவேண்டியவர் நாமே. மிஷன் பள்ளியிற் பயின்ற அடியேனும் அங்கு பெற்றதை ஊருக்குத் தரக் கடமைப்பட்டவன்.

இளைஞர்களே! உடப்புசல்லாவைத் தோட்டங்களிலே, கொழுந்தெடுக்கும் தாய்மாரின் பிள்ளைகள் மாலையில் லயத்து வாசலிலே இருக்கின்றனர். பெரியோர் ஆசியுடன், ஆளுக்கொரு பிள்ளையை அருகிருத்தி, வாரந்தோறும் ஒரு பக்கம் வாசிக்கவும், சொந்தமாய் நாலு வரி எழுதவும் பழக்குவோமாக. நாவலருக்கு நாம் எடுக்கும் மெய்யான விழா அதுவே.