காவல் தெய்வம் தந்த கலைஞர்

நுழையும்முன்

திரைப்படம் பெருமுதல் வேண்டும் கலை. ஆகவே, வணிக வெற்றிக்கு உறுதியளிக்கும் கதைகளையே தயாரிப்பாளர் பலரும் நாடுவர். அத்தகைய சூழலில், குணச்சித்திர நடிகர் ஒருவர் தாமே தயாரிப்பாளராகிச் சிறைப்பட்டோரின் வாழ்வைக் கூறும் இலக்கியப் படைப்பைத் திரைக்குக் கொண்டுவந்தார். அவரே செங்கோட்டை தந்த எஸ்.வி. சுப்பையா.

சாரல் மண்ணின் மைந்தர்

குற்றாலச் சாரலும் தென்காசிக் கோபுரமும் அணிசெய்யும் நிலப்பகுதி, நாடகக் கலையோடு நெடிய உறவுடையது. திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்தவர். ஆடலும் பாடலும் இயைந்த அந்நாடக இலக்கியம் தோன்றிய மண்ணில், குற்றாலத்திற்கு அண்மையிலுள்ள செங்கோட்டையில் 1920 ஆம் ஆண்டு சுப்பையா பிறந்தார். இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கும் செங்கோட்டை, அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1956 இல்தான் தமிழகத்தோடு இணைந்தது.

மேடையும் திரையும்

இளமையிலேயே நாடகக் குழுவில் சேர்ந்த சுப்பையா, டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவிலும் சக்தி நாடக சபாவிலும் பயிற்சி பெற்றார். எஸ்.டி. சுந்தரம் எழுதிய ‘கவியின் கனவு’ நாடகம் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. 1940களில் திரையுலகில் நுழைந்தார். ‘பாகப்பிரிவினை’ முதலிய படங்களில் அடங்கிய குரலாலும் நுண்ணிய முகபாவத்தாலும் எளிய மனிதர்களின் துயரை உணர்த்தினார்.

1961 இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் பாரதியாராக நடித்தார். இளமையில் பாரதியாரை வீட்டார் அழைத்த பெயரும் சுப்பையா என்பதே. நடிகர் சுப்பையா பிறந்த 1920 இல், பாரதியார் தென்காசிக்கு அருகிலுள்ள கடையத்தில் வாழ்ந்துவந்தார் என்பதும் எண்ணி மகிழத்தக்கது.

சொந்தப் படைப்பு

பிறர் படைத்த பாத்திரங்களுக்கு உயிரூட்டியவர், தாமே ஒரு படத்தைத் தயாரிக்க விரும்பினார். அதற்கு அவர் தேர்ந்தது ஜெயகாந்தனின் ‘கைவிலங்கு’ என்னும் புதினம். இம்முயற்சி எளிதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜெயகாந்தன் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ தேசிய அளவில் பாராட்டுப் பெற்றும், திரையரங்குகளில் பரவலாக இடம்பெறவில்லை. அதனை அறிந்திருந்தும் சுப்பையா பின்வாங்கவில்லை.

‘பாதை தெரியுது பார்’ படத்தின் கதாநாயகரான கே. விஜயனுக்கு, இயக்குநராகும் வாய்ப்பை முதன்முதலில் அளித்தார். ஜி. தேவராஜன் இசையமைத்தார். சிவகுமாரும் லட்சுமியும் இளங்காதலராக நடித்தனர். மகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பழிவாங்கிச் சிறைசென்ற சாமுண்டி என்னும் பாத்திரத்தைச் சிவாஜி கணேசன் ஏற்றார். நண்பரின் முயற்சிக்குத் துணைநிற்கக் கருதி, அவர் ஊதியம் பெற மறுத்துவிட்டார். கைதிகளிடம் பரிவுகாட்டும் சிறை அதிகாரியாகச் சுப்பையா நடித்தார்.

பெயரின் பொருள்

1969 இல் அப்படம் ‘காவல் தெய்வம்’ என்னும் பெயரில் வெளிவந்தது. தென்பாண்டி நாட்டு ஊர்களின் எல்லையில் நின்று மக்களைக் காப்பவை காவல் தெய்வங்கள். அப்பெயரைச் சிறை அதிகாரி ஒருவருக்குச் சூட்டியதில் படத்தின் கருத்து அடங்கியுள்ளது. கைதி தப்பாமல் காப்பது கடமை. அவனுள் இருக்கும் மனிதன் அழியாமல் காப்பது அறம். குற்றத்தை வெறுப்பினும் குற்றவாளியை வெறுத்து ஒதுக்காத நெஞ்சமே அவ்வறத்தின் இருப்பிடம்.

பிற்காலத்தில் ‘ஆதிபராசக்தி’யில் அபிராமி பட்டராகவும், ‘அரங்கேற்றம்’ படத்தில் வறுமையில் உழலும் தந்தையாகவும் நடித்துச் சிறந்த சுப்பையா, 1980 இல் மறைந்தார். அவர் ஏற்ற வேடங்கள் பல. தாமே முதலிட்டு, தாம் நம்பிய அறத்திற்கு உருவம் தந்த படமோ ‘காவல் தெய்வம்’. கலைஞரின் பொறுப்பு நடிப்போடு முடிவதில்லை என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.