கைம்மை வென்ற கல்வி

நுழையும்முன்

ஒரு வீட்டின் பின்கட்டு அறையே உலகம் என விதிக்கப்பட்ட சிறுமியர் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. மணம் என்பதன் பொருள் அறியும் முன்னரே மணமாகி, கணவரின் முகம் நினைவில் பதியும் முன்னரே கைம்பெண்ணாகிய குழந்தைகள் அவர்கள். அவர்களுள் ஒருவர், தாம் பெற்ற கல்வியைப் பிறர்க்கும் வழியாக்கினார். அவரே சகோதரி சுப்புலட்சுமி.

இளமையும் இழப்பும்

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைச் சேர்ந்தவர்கள். தந்தையார் சுப்பிரமணியம், தாயார் விசாலாட்சி. அக்கால வழக்கப்படி பதினொரு வயதளவில் அவருக்கு மணம் முடிந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார்.

அக்காலத்தில் அவர் பிறந்த சமூகத்தில் கைம்பெண்ணுக்குத் தலைமுடி மழிக்கப்படும். வண்ண ஆடையும் அணிகலனும் விலக்கப்படும். ஒருவேளை உணவே உரியதாகும். நற்செயல்கள் நிகழுமிடத்தில் அவள் முகம் காட்டுதல் ஆகாது. உழைப்பை மட்டும் குடும்பம் ஏற்றுக்கொள்ளும். தம் மகளுக்கு இந்நிலை வருவதைப் பெற்றோர் ஏற்கவில்லை. ஊரார் பழிச்சொல்லைப் பொருட்படுத்தாது அவரைப் படிக்கவைக்கத் துணிந்தனர். அவருடைய சிற்றன்னையும் கைம்பெண்ணே. வாலாம்பாள் என்னும் அவர், பின்னாளில் சுப்புலட்சுமியின் பணிகளுக்கெல்லாம் பக்கத்துணையாக நின்றார்.

பட்டம் பெற்ற கைம்பெண்

வீட்டில் தந்தையிடம் பாடம் கேட்ட சுப்புலட்சுமி, பின்னர்க் கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றார். தம் வாழ்வையே கற்பித்தலுக்கு ஒப்படைத்திருந்த அருட்சகோதரிகளின் தொண்டு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளில் அவர் பெயருடன் சகோதரி என்னும் சொல் இணைந்து நின்றதற்கும் அத்தொண்டுள்ளமே காரணம்.

ஆண்களே நிறைந்திருந்த சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1911ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்றார். வீதியில் ஏளனம், சுற்றத்தில் சாதிவிலக்கு அச்சுறுத்தல் ஆகியவற்றைக் கடந்தே அப்பட்டம் கைக்கு வந்தது.

ஒரு தேவை, இரு தீர்வுகள்

அக்காலப் பெண்கல்வி ஒரு முட்டுக்கட்டையில் சிக்கியிருந்தது. ஆண் ஆசிரியரிடம் பெண்மக்களை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியரோ மிகச் சிலரே இருந்தனர். பெண்கள் படிக்காததால் ஆசிரியைகள் இல்லை. ஆசிரியைகள் இல்லாததால் பெண்கள் படிக்கவில்லை. மறுபுறம், படிக்கும் வயதில் இருந்த எண்ணற்ற இளங்கைம்பெண்கள் வீடுகளில் முடங்கிக் கிடந்தனர்.

இவ்விரு துயரங்களையும் சுப்புலட்சுமி ஒருங்கே கண்டார். கைம்பெண்களை ஆசிரியைகள் ஆக்கினால் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பர். கைம்பெண்களுக்குத் தம் காலில் நிற்கும் வாழ்வு கிடைக்கும். இரக்கத்தால் இடும் சோற்றைவிட உழைத்துப் பெறும் ஊதியமே மதிப்பைத் தரும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எழும்பூரில் தம் இல்லத்திலேயே நான்கு சிறுமியரைக் கொண்டு அப்பணியைத் தொடங்கினார்.

1912இல் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். இல்லத்தில் சேர்வோர் பெருகினர். 1917இல் அரசு, கடற்கரையை நோக்கியிருந்த ஐஸ்ஹவுஸ் கட்டடத்தை இப்பணிக்கென வாங்கியது. அங்குக் கற்றோர் பலர் ஆசிரியைகளாயினர். 1922இல் தொடங்கப்பெற்ற லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல்வரானார்.

தெரியுமா?
அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டது ஐஸ்ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் இங்குத் தங்கினார். இன்று இது விவேகானந்தர் இல்லம் என வழங்கப்படுகிறது.

எல்லையும் விரிவும்

ஐஸ்ஹவுஸ் இல்லம் அந்தணர் குலக் கைம்பெண்களுக்கென அமைந்தது. பெற்றோர் பெண்களை அனுப்புவதற்கு அக்கட்டுப்பாடு உதவியது. எனினும் பிற சமூகப் பெண்களுக்கு அதன் கதவு திறக்கவில்லை. அனைத்துப் பெண்களுக்கும் புகலிடம் வேண்டும் என்னும் நோக்கில் மருத்துவர் முத்துலட்சுமி 1930இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். ஒருவர் இட்ட பாதையை மற்றொருவர் அகலப்படுத்துவதே சமூக மாற்றத்தின் இயல்பு.

அரசுப் பணியில் இருந்தமையால் இயக்கங்களில் வெளிப்படையாகச் சேரச் சுப்புலட்சுமிக்குத் தடை இருந்தது. ஆயினும் பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என ஜோஷி குழுவின்முன் சான்றளித்தார். 1929இல் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறியது. பெண்களின் மணவயது பதினான்கு என வரையறுக்கப்பட்டது. பதினொரு வயதில் மணமேடை ஏறியவருக்கு இச்சட்டத்தின் பொருள் நன்கு தெரிந்திருக்கும்.

ஓயாத பணி

பணி ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. படிப்பை இடையில் இழந்த வயதுவந்த பெண்களுக்காக 1942இல் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் சமூகநல மையம் அமைத்துச் சிற்றூர்ப் பெண்களிடம் சென்றார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமேலவை உறுப்பினராக விளங்கினார். நடுவணரசு 1958இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பெண் ஒருத்தி பயின்றால் அவளுடைய வாழ்வு மாறும். பயின்றவள் ஆசிரியையானால் ஒரு தலைமுறையே மாறும். சுப்புலட்சுமியிடம் கற்ற கைம்பெண்கள் ஊதியம் பெற்றனர். அவர்களிடம் கற்ற சிறுமியர் கல்லூரி கண்டனர். இன்று வகுப்பறைகளில் மாணவியர் இயல்பாக அமர்ந்திருப்பதற்குப் பின்னால், அன்று பின்கட்டிலிருந்து வெளிவந்த அப்பெண்களின் துணிவு இருக்கிறது.