குளோடு பூர்ஜெலா

குளோடு பூர்ஜெலா (மார்ச்சு 27, 1712 – சனவரி 3, 1779) பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்த குதிரையேற்ற ஆசானும் கால்நடை மருத்துவ முன்னோடியும் ஆவார். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவியவர் இவரே. தந்தையிடமிருந்து மகனுக்குக் கைத்தொழிலாக மட்டுமே சென்றுகொண்டிருந்த விலங்கு மருத்துவம், உடற்கூற்றியலை அடிப்படையாகக் கொண்ட கல்வியாக மாறியதில் இவருடைய பங்கு முதன்மையானது.

தொடக்ககாலப் பணிகள்

1740ஆம் ஆண்டில் பூர்ஜெலா லியோன் குதிரையேற்றக் கழகத்தின் தலைவரானார். குதிரையேற்றக் கலை பற்றிய இவரது முதல் நூல் 1744இல் வெளிவந்தது. அக்காலத்தில் நோயுற்ற குதிரைகளுக்கு லாடம் அடிப்போரே மருத்துவம் பார்த்தனர். சூடு போடுதல், குருதி வெளியேற்றுதல் ஆகியனவே பெரும்பாலும் அவர்களுடைய சிகிச்சை முறைகளாக இருந்தன. விலங்கின் உடலமைப்பை அறியாமல் அதன் நோயை அறிய இயலாது என்று கருதிய பூர்ஜெலா, லியோன் நகர அறுவை மருத்துவர்களின் துணையுடன் குதிரையின் உடலை அறுத்து ஆராய்ந்தார். இதன் பயனாகக் குதிரை மருத்துவம் பற்றிய மூன்று தொகுதிகள் 1750 முதல் 1753 வரை வெளிவந்தன. பிரெஞ்சு அறிவியல் கழகம் இவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. டிடெரோ, டாலம்பேர் ஆகியோர் தொகுத்த புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் குதிரைகள், லாடத்தொழில் ஆகியவை பற்றிப் பல கட்டுரைகளை எழுதினார்.

முதல் கால்நடை மருத்துவப் பள்ளி

18ஆம் நூற்றாண்டில் மாட்டு வெக்கை நோய் ஐரோப்பா முழுவதும் பெரும் எண்ணிக்கையில் மாடுகளைக் கொன்றது. உழவு மாட்டை இழந்த குடியானவன் தன் வாழ்வாதாரத்தையே இழந்தான். லியோனில் முன்னர் அரசு நிருவாகியாக இருந்தவரும் பூர்ஜெலாவின் நண்பருமான என்றி பெர்த்தேன் 1759இல் நாட்டின் நிதித் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவரது ஆதரவால் ஆகத்து 4, 1761 அன்று பள்ளி தொடங்க அரச மன்றம் ஒப்புதல் அளித்தது. ஆறு ஆண்டுகளுக்கு 50,000 லிவர் உதவித்தொகையும் வழங்கப்பட்டது.

1762ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லியோனின் புறநகரில் இருந்த ஒரு பழைய விடுதியில் வகுப்புகள் தொடங்கின. உடற்கூற்றியல், மருந்துச் செடிகள், லாடம் அடித்தல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. அவ்வாண்டே, நோய் பரவிய ஊர்களுக்கு மாணவர்கள் மருத்துவம் பார்க்க அனுப்பப்பட்டனர். 1764இல் அப்பள்ளி அரச கால்நடை மருத்துவப் பள்ளி என்ற தகுதியைப் பெற்றது. பாரிசுக்கு அருகில் அல்ஃபோர் என்னுமிடத்தில் இரண்டாவது பள்ளியையும் பூர்ஜெலா நிறுவினார். அது இன்றளவும் அவ்விடத்திலேயே இயங்கி வருகிறது.

பற்களும் வயதறிதலும்

1768இல் குதிரையின் வெளித்தோற்றம் பற்றி மாணவர்களுக்காகப் பூர்ஜெலா ஒரு பாடநூல் வெளியிட்டார். பல்லைக் கொண்டு வயதறிதல் இத்துறையில் இன்றியமையாத பாடமாகும். குதிரையின் ஒவ்வொரு தாடையிலும் 6 வெட்டுப்பற்கள் உள்ளன. ஏறத்தாழ இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதுகளில் பால் பற்கள் இணை இணையாக விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. அதன்பின் பல்லின் மேற்பரப்பிலுள்ள குழி தேய்ந்து மறைவதைக் கொண்டு வயது கணிக்கப்படுகிறது. கிழக்குதிரையின் பல்லில் செயற்கையாகக் குழி செதுக்கி இளங்குதிரையென விற்கும் மோசடியும் நடைபெற்று வந்தது. எனவே இவ்வறிவு வாங்குவோருக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

தொடக்ககாலப் பள்ளிகள் குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றிலேயே கவனம் செலுத்தின. நாய், பூனை போன்ற செல்லப்பிராணிகளின் பல் மருத்துவம் 20ஆம் நூற்றாண்டில்தான் தனித்துறையாக வளர்ந்தது. அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி என்னும் சிறப்புத்துறை அமைப்பு 1988இல் உருவானது.

விமர்சனங்கள்

பூர்ஜெலா கண்டிப்பும் பிடிவாதமும் மிக்கவர். திறமை வாய்ந்த உடற்கூற்றியல் ஆசிரியரான ஒனோரே ஃபிராகொனார் அல்ஃபோரிலிருந்து 1771இல் நீக்கப்பட்டார். லாடத்தொழிற் குடும்பத்தில் பிறந்த குதிரை மருத்துவர் லாஃபோசு, பூர்ஜெலாவின் கருத்துகளைக் கடுமையாக எதிர்த்தார். குதிரையின் உறுப்புகளுக்கு இவர் வகுத்த நிலையான அளவு விகிதங்களைப் பிற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை.

தாக்கம்

பூர்ஜெலாவின் புகழ் இவர் எழுதிய நூல்களைவிட, இவர் நிறுவிய பள்ளிகளாலேயே நிலைத்தது எனலாம். லியோனில் பயின்ற ஆபில்கார்டு 1773இல் கோபனாவனில் பள்ளி தொடங்கினார். லியோன் மாணவரான வியால் 1791இல் இலண்டனில் நிறுவப்பட்ட கல்லூரியின் முதல் பேராசிரியரானார். மனித மருத்துவமும் விலங்கு மருத்துவமும் ஒன்றுக்கொன்று துணை என்பது பூர்ஜெலாவின் உறுதியான கருத்தாகும்.

இவரது பள்ளிக்கு ஒப்புதல் கிடைத்து 250 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு 2011ஆம் ஆண்டு உலகக் கால்நடை மருத்துவ ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் மாட்டு வெக்கை நோய் உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.