சினை ஊசிக்கு வழி திறந்த இலியா இவானோவ்

தோட்டத்தில் பசு வளர்ப்பவருக்கு, பருவத்துக்கு வந்த மாட்டைப் பொலிகாளை இருக்கும் இடத்துக்கு ஓட்டிச் செல்வது பெரும்பாடு. கியா பார்ம் போன்ற மலைப்பகுதியில் சரிவான பாதை வேறு. அந்தச் சிரமத்தைக் குறைத்தது சினை ஊசி. அதற்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் ரஷ்ய விஞ்ஞானி இலியா இவானோவ்.

1870-இல் பிறந்த இவர், 1896-இல் கார்கிவ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இயற்கை முறையில் ஒரு பொலிகுதிரை 20, 30 பெட்டைக் குதிரைகளுக்கே போதும். இவரது முறையில் 500 வரை சினைப்படுத்த முடிந்தது. பின்னர் மாடு, ஆடுகளுக்கும் அம்முறை பரவியது. 1920-களில் மனிதனையும் மனிதக் குரங்கையும் கலக்க இவர் செய்த முயற்சி தோற்றதோடு, இவர் பெயருக்குக் கறையாகவும் அமைந்தது.

1930-இல் ஸ்டாலின் ஆட்சியில் கைதாகி, தியான்ஷான் மலையடிவாரத்து அல்மா அத்தாவில் வாழும்படி தண்டிக்கப்பட்டார். அங்கும் கால்நடைக் கல்விக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1932-இல் காலமானார்.

1963-இல் கேரளாவின் மூணாறு தேயிலை மலையில், மாட்டுப்பெட்டி என்னுமிடத்தில் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கியது. சுவிஸ் காளைகளின் விந்து உள்ளூர்ப் பசுக்களுக்குச் செலுத்தப்பட்டது. சுனந்தினி என்ற கறவை இனம் அதில் உருவானது. ஒதுக்கப்பட்ட ஊரில் முடிந்த இவானோவின் உழைப்பு, ஒற்றைப் பசுவை நம்பி வாழும் குடும்பங்களுக்குப் பயன்பட்டது.