போப்பையரும் அன்பின் இயல்பும்

பண்டை நூல்களில் தகடூர் எனப்பெறுவது இந்நாளைத் தருமபுரியேயாகும். அதனை ஆண்ட அதியமான் நெடுமானஞ்சி, உண்டார்க்கு நெடுவாழ்வு தரும் அரிய நெல்லிக்கனியொன்றை அடைந்து, அதன் பயனைத் தன் நெஞ்சத்தே மறைத்து ஔவையார்க்கு ஈந்தான் என்று புறநானூற்றால் அறிகின்றோம். கிறித்து சமயத்தார் இறைவனன்பைப்பற்றிக் கூறுவதை நம்மவர் உணர்தற்கு இதனினும் அணித்தாய உவமை எமக்குத் தோன்றவில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. ஔவையார் அக்கனிக்குத் தக்கவர். இறைவனோ தகுதியில்லார்க்கும் பகைத்தார்க்குமாகத் தன் மைந்தனையே ஈந்தான் என்பது அச்சமயத்தார் கொள்கை. மக்கள் அன்புசெய்தற்கு முன்னரே அவன் அன்புசெய்தான் என்றும், அன்பே அவனியல்பு என்றும் யோவான் எழுதிய முதல் நிருபம் கூறும். இவ்வன்பைப் போதிக்க வந்து, மணிவாசகப் பெருமான் திருவாக்கிலே ஈடுபட்ட ஜி. யு. போப்பையர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஐயர் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் கானடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சேர்ந்தார். 1839இல் சென்னையை அடைந்தார். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையிலே சாயர்புரத்தில் கல்விச்சாலை நடாத்தினார். அதன்பின் தஞ்சையிலும், உதகமண்டலத்திலும், பெங்களூரிலும் பணிபுரிந்தார். மாணாக்கரிடத்து மிக்க கண்டிப்புடையவர் என்று பெயர் பெற்றவர். அன்பைப் போதிப்பவர் கையிலே பிரம்பிருந்தது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

தாய்நாடு திரும்பியபின் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்திலே தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வள்ளுவனார் மயிலையிலே கிறித்தவர்பாற் கேட்டறிந்தவற்றைத் தம் நூலுள் அமைத்திருக்கலாம் என்று அவர் கருதியது பொருந்தாது. அன்புடைமையும் இன்னாசெய்யாமையும் தமிழர்க்குப் பிறர் தந்த பொருள்களல்ல. தகடூர் நெல்லிக்கனியே அதற்குச் சான்று.

திருவாசகத்தை மொழிபெயர்க்கும் எண்ணத்தை ஐயர் பேலியல் கல்லூரித் தலைவர் சோவெட்டு என்பாரிடம் வெளியிட்டு, அதற்குப் பல்லாண்டு வேண்டும், தமக்கோ முதுமை வந்துற்றது என்றார். பெரும்பணியொன்றைக் கைக்கொள்வதே நெடிது வாழ்தற்கு வழியென்றும், அது முடியுந்துணையும் அவர் வாழ்வார் என்றும் அப்பெரியார் ஊக்கினார். அவ்வாறே ஐயர் தமது எண்பதாம் ஆண்டு நிறைவுநாளில் அந்நூன்முகவுரைக்குக் கையொப்பமிட்டார். 1900இல் வெளிவந்த அப்பதிப்பிலே சித்தாந்தக் குறிப்புக்களோடு உமாபதி சிவாசாரியரது திருவருட்பயனும் மொழிபெயர்த்துச் சேர்க்கப்பெற்றுள்ளது. மணிவாசகரைத் தம் சமயத்துப் பெரியோராகிய பவுலோடும் அசிசி நகரத்துப் பிரான்சிசோடும் ஒப்பவைத்து எண்ணினார். தம் சமயத்தைக் கைவிட்டாரல்லர். நம் பெருமானைக் குறைவாகக் கருதினாருமல்லர்.

ஐயர் நின்ற இடத்தை அளந்தறிதற்கு இருசமயத்து அன்பினியல்பையும் ஆராய்தல் வேண்டும். கிறித்தவர் இறைவனன்பை ஒரு காலத்து ஓரிடத்து நிகழ்ந்த பிறப்பிலும் இறப்பிலும் காண்பர். நம் சித்தாந்தம் இறைவனுக்குப் பிறப்பிறப்பு இல்லையென்னும். திருப்பெருந்துறையிலே குருவாய் எழுந்தருளியது கருவாய்ப்பட்டுப் பிறந்ததன்று. அருளே திருமேனியாக வந்தது. இஃது இருசாராரும் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்தற்கு இயலாத வேறுபாடு.

மற்றொரு வேறுபாடும் சிலராற் கூறப்படுகின்றது. கிறித்தவரிறைவன் தகுதி நோக்காது அருளுவான் என்றும், சிவபெருமானோ மலபரிபாகம் வருந்துணையும் காத்திருப்பான் என்றும் அவர் உரைப்பர். அப்பரிபாகத்தை வருவிப்பவன் யாவன் என்று அவர் வினவினாரல்லர். மலத்தோடு உடனின்று அதனைப் பக்குவப்படுத்துவது இறைவனது திரோதான சத்தியே. மறைத்தலும் அருளே, ஐந்தொழிலும் அருளே. எனவே, பக்குவத்துக்கு முன்னும் அருள், பின்னும் அருள். உயிர் அன்புசெய்தற்கு முன்னரே இறைவன் அருள்செய்கின்றான் என்னும் அவ்வளவில் இருசமயமும் அணுகிநிற்கின்றன. அன்பையும் சிவத்தையும் பிரித்தறியலாகாது என்று திருமூலர் கண்ட முடிபும் யோவான் நிருபமும் சொல்லால் ஒத்திருத்தல் ஈண்டு எண்ணத்தக்கது. சொல் ஒத்தமையின் பொருளும் முழுதும் ஒக்கும் எனக் கொள்ளுதல் பிழை. பொருள் சிறிது வேறுபட்டமையின் அன்பே இல்லையென்றல் அதனினும் பெரும்பிழை.

ஐயர் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் உலகவாழ்வை நீத்தார். தமிழ் மாணவன் என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு வேண்டினார் என்று நம்மவர் வழங்குவர்; கல்லிலே அச்சொற்கள் இல்லை. உள்ளது வேறொன்று: அவர்தம் குடும்பத்தாரும் தென்னாட்டுத் தமிழன்பர்களும் அவர் வாணாளெல்லாம் ஆற்றிய தொண்டைப் போற்றி அக்கல்லை நிறுவினர் என்பதே. அவரைச் சைவராக்கிக்கொள்ளுதல் நமக்கு வேண்டுவதன்று. அயலார் சமயத்தை அவர் கற்றதுபோல முயன்று கற்பதும், வேறுபாட்டை மறையாது அன்புபாராட்டுவதும் நம் மடங்களிலும் கழகங்களிலும் பயில்வோர்க்கு உரிய கடனாம்.