கலிலியோவும் வீழும் கல்லும்

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில், முன்னாளிற் கவலை ஓட்டிய ஆழ்ந்த கிணறுகளைக் காணாதார் அரியர். அத்தகைய கிணற்றில் கல்லொன்றை நழுவவிட்டால், அது முதல் விநாடியில் 16 அடியும், இரண்டாம் விநாடியில் 48 அடியும் வீழும். பின்னது முன்னதன் மும்மடங்காவது ஏன்? இதனைச் சோதனையால் ஆராய்ந்து தெளிந்த பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

கலிலியோ கலிலி 1564-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி இத்தாலி தேசத்துப் பைசா நகரிற் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ ஒரு சங்கீத வித்துவான். மகன் வைத்தியனாதல் வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனோ கணிதத்தில் மனத்தைப் பறிகொடுத்து, பட்டம் பெறாமலே 1585-இல் பைசா சர்வகலாசாலையை விட்டு நீங்கினார். எனினும், 1589-இல் அங்கேயே கணித ஆசிரியராகவும், 1592 முதல் 18 ஆண்டுகள் பாதுவா நகரிற் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

நேரே வீழும் பொருளின் விரைவை அளக்கத்தக்க கடிகாரம் அக்காலத்தில் இல்லை. ஆதலின், அவர் 20 அடிக்கு மேற்பட்ட மரச்சட்டமொன்றிற் பள்ளமிழைத்து, சிறிது சாய்த்து, வெண்கலக் குண்டினை உருட்டினார். பாத்திரமொன்றினின்று மெல்லிய தாரையாய் ஒழுகும் நீரைப் பிடித்து, அதன் நிறையைக் கொண்டு காலத்தைக் கணித்தார். சமகால அளவுகளிற் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்னும் ஒற்றை எண்களின் விகிதத்தில் நின்றன. மொத்தத் தூரமோ காலத்தின் வர்க்கத்தைப் பின்பற்றியது.

இவ்விதி 1604-ஆம் ஆண்டிலேயே அவருக்குப் புலனாயிற்று. ஆயினும், அதற்கு அவர் கண்ட காரணம் பிழை. கடந்த தூரத்துக்கு ஏற்ப வேகம் வளர்கின்றதென நண்பர் சார்பிக்கு அவ்வாண்டில் எழுதினார். அங்ஙனமாயின், தூரமே கடவாது நிற்கும் கல்லுக்கு வேகமும் இல்லை. அது வீழத் தொடங்குதலும் இல்லை! விடை சரி, வழி தவறு. சரியான விடையோடு அமைதியுறாமல் அவர் மீண்டும் மீண்டும் சிந்தித்து, வேகம் காலத்துக்கு ஏற்பவே சீராக வளர்கின்றதெனத் துணிந்தார். தாமும் ஒருகால் அப்பிழையில் இருந்ததைப் பின்னாளில் தம் நூலிலேயே மறையாது வெளியிட்டார்.

பூமி சூரியனைச் சுற்றுகின்றதென்னும் கொள்கை பற்றி 1633-இல் ரோமாபுரியில் விசாரிக்கப்பெற்றுத் தண்டனை அடைந்தார். எஞ்சிய நாட்களை அர்ச்செத்ரியில் வீட்டுக் காவலிலே கழித்தார். கண்ணொளி இழந்த அம்முதுமையில், 1638-இல், இயக்கத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் ஒல்லாந்து தேசத்து லைடன் நகரில் வெளிவந்தது. 1642-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி அவர் காலஞ்சென்றார்.

மாணவ நண்பர்காள்! நம் கிணற்றுக்கு மீள்வோம். விநாடிதோறும் கல்லின் வேகம் 32 அடி வளர்கின்றது. முதல் விநாடியில் அது 0 முதல் 32 வரை உயர்வதால் சராசரி 16. இரண்டாவதில் 32 முதல் 64 வரை உயர்வதால் சராசரி 48. சூத்திரம் மறந்தவிடத்தும் இவ்வழி மறவாது. மாறா வேகவளர்ச்சிக் கணக்கு எதுவாயினும், எது எதனோடு வளர்கின்றதென முதலில் வினவுக. அவ்வினாவைத் தமக்குத் தாமே விடுத்துத் தம் பிழையைத் திருத்திக்கொண்டமையே கலிலியோவின் பெருமையாகும்.